மரத்தூள் பெட்டியும் மாணாக்கரும்

லண்டன் மாநகரில் தேம்ஸ் நதிக்குத் தென்கரையில், புனித தோமா ஆலயம் என்னும் பழைய கோயிலின் கோபுரத்துக்குள்ளே சுழன்று சுழன்று மேலேறும் குறுகலான 52 படிகளைக் கடந்து சென்றால், கூரைக்கு அடியில் ஒரு விசித்திரமான அறையைக் காணலாம். அறையின் நடுவில் ஒரு மர மேஜை. அதன்மேல் வெளிச்சம் விழும்படி கூரையில் பதித்த கண்ணாடி. மேஜையைச் சுற்றிக் குதிரை லாடத்தின் வடிவத்தில் ஒன்றன்பின் ஒன்றாக உயர்ந்து செல்லும் மரப் படிகள். அப்படிகளில் உட்கார இடமில்லை. குறுக்குக் கம்பைப் பிடித்துக்கொண்டு நிற்கத்தான் இடமுண்டு. மேஜைக்கு அடியில் ஒரு பெட்டி. பெட்டி நிறைய மரத்தூள். இரத்தம் எந்தப் பக்கமாக ஒழுகுகிறதோ அந்தப் பக்கமாக அதைக் காலால் தள்ளிவிடுவது அக்காலத்துச் சத்திர வைத்தியர்களின் வழக்கம். 1822ஆம் வருஷம் அமைக்கப்பட்ட இந்த அறை, பக்கத்திலிருந்த புனித தோமா ஆஸ்பத்திரியின் பெண் நோயாளிகளுக்கு உரிய சிகிச்சைக் கூடம். நிற்பதற்கென்று கட்டிய அந்தப் படிகள் வைத்திய மாணாக்கருக்காக ஏற்பட்டவை.

வைத்தியப் பள்ளிகள் தம் மாணாக்கருக்கு வலியைப் பற்றி என்ன கற்பித்தன என்று விசாரிக்கப் புகுகிறவர், பாடப் புத்தகங்களைப் புரட்டுவதற்கு முன்னால் இந்தப் படிகளில் ஒருமுறை நின்று பார்ப்பது நல்லது. ஏனென்றால், மயக்க மருந்து என்பதே இல்லாத அந்தக் காலத்தில், வலி என்பது படித்துத் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயமாக இருக்கவில்லை. கண்ணுக்கு முன்னால் கட்டிவைக்கப்பட்டு, காதைத் துளைத்துக்கொண்டு கதறுகிற பிரத்தியட்ச வஸ்துவாக இருந்தது. கீழே ஒரு பெண்ணின் காலை அறுத்துக்கொண்டிருக்க, முன்வரிசையில் நிற்பவர்களின் தலை மறைக்கிறதென்று பின்வரிசை மாணாக்கர் கூச்சல் போடுவார்களாம். இதைக் கேட்டு அவர்களை அரக்கர்கள் என்று முடிவுகட்டிவிடலாகாது. அந்தப் பள்ளி அவர்களுக்கு அளித்த முதற்பாடமே, பிறர் வேதனையைக் கேட்டுக்கொண்டே கை நடுங்காமல் நிற்பது எப்படி என்பதுதான். இரண்டாவது பாடம் வேகம். வலியைக் குறைப்பதற்கு அன்றைக்கு இருந்த நிச்சயமான மருந்து, அறுக்கும் நேரத்தைக் குறைப்பதொன்றே. அபினியும் சாராயமும் ஓரளவுக்குத்தான் உதவின. ஆகவே கத்தியை வேகமாக ஓட்டியவனே கருணையுள்ளவன் என்று கருதப்பட்டதில் ஒரு நியாயம் இருந்தது.

இந்தப் பாடம் எல்லாருக்கும் ஏறிவிடவில்லை. 1825ஆம் வருஷம் எடின்பரோ நகரத்துக்கு வைத்தியம் படிக்கச் சென்ற ஒரு பதினாறு வயது மாணாக்கன், இரண்டு சத்திர சிகிச்சைகளைப் பார்க்கப் போனான். அவற்றுள் ஒன்று ஒரு குழந்தைக்கு நடந்தது. இரண்டிலும் பாதியிலேயே கூடத்தை விட்டு ஓடிவந்தவன், அதற்கப்புறம் அந்தப் பக்கம் தலை வைத்துப் படுக்கவில்லை. வைத்தியப் படிப்பையே கைவிட்ட அந்த மாணாக்கன் பெயர் சார்லஸ் டார்வின். வயது முதிர்ந்தபிறகு எழுதிய சுயசரிதத்திலும் அந்த இரண்டு நாட்களை அவர் மறக்காமல் குறித்திருக்கிறார். அவர் ஓடியதால் பிராணி சாஸ்திரத்துக்கு லாபம். ஆனால் ஓடாமல் நின்றவர்கள் எதை விலையாகக் கொடுத்து நின்றார்கள் என்பதை ஒருவரும் கணக்கெடுக்கவில்லை.

இந்த நிலைமை ஒரே குளிர்காலத்தில் மாறிப்போயிற்று. 1846ஆம் வருஷம் அக்டோபர் 16ஆம் தேதி, அமெரிக்காவிலுள்ள பாஸ்டன் நகரத்து ஆஸ்பத்திரியில் வில்லியம் மார்ட்டன் என்னும் பல் வைத்தியர் ஈதர் ஆவியை ஒரு நோயாளிக்கு முகரக் கொடுக்க, ஜான் காலின்ஸ் வாரன் என்னும் முதிய சத்திர வைத்தியர் அவன் கழுத்திலிருந்த கட்டியை நிதானமாக அறுத்தார். செய்தி கப்பலேறி லண்டன் வந்து சேர்ந்தது. டிசம்பர் 21ஆம் தேதி, யூனிவர்சிட்டி காலேஜ் ஆஸ்பத்திரியில், மின்னலைப்போல் கத்தி ஓட்டுவதில் நிகரற்றவர் என்று பெயரெடுத்த ராபர்ட் லிஸ்டன், மாணாக்கர் கூட்டம் நிறைந்த கூடத்தில், ஈதரால் மயங்கிக் கிடந்த ஒரு பட்லரின் காலைத் துடையோடு எடுத்தார். அரை நிமிஷங்கூட ஆகவில்லை. சிறிது நேரத்தில் கண் விழித்த அந்த மனிதர், எப்போது ஆரம்பிக்கப் போகிறீர்கள் என்று கேட்டாராம். வாழ்நாளெல்லாம் வேகத்தையே வித்தையாகப் பயின்ற லிஸ்டன், அந்த வேகத்துக்கு இனித் தேவையில்லை என்பதைத் தம் கையாலேயே நிரூபித்துவிட்டு, அடுத்த டிசம்பரில் காலமானார். அதற்கு முந்தின மாதந்தான் எடின்பரோவில் ஜேம்ஸ் சிம்சன் குளோரோபாரத்தின் மயக்கும் குணத்தைக் கண்டு சொல்லியிருந்தார்.

ஈதரை எல்லாரும் கைநீட்டி வரவேற்றார்கள் என்று எண்ணவேண்டாம். முதுகுத்தண்டிலிருந்து புறப்படும் நரம்பு வேர்களில் பின்பக்கத்து வேரே உணர்ச்சியைச் சுமந்து செல்வது என்று 1822இல் பரிசோதித்து நிறுவிய பிரெஞ்சு சாஸ்திரி பிரான்சுவா மஜாந்தி, 1847இல் பாரிஸ் சபையில் ஈதரை எதிர்த்துப் பேசினார். வலி செல்லும் வழியை உலகத்துக்குக் காட்டிக் கொடுத்தவரே அந்த வழியை அடைக்கலாகாது என்று வாதாடியது, சாஸ்திர சரித்திரத்தில் நாம் அடிக்கடி சந்திக்கும் வேடிக்கைகளில் ஒன்று.

ஈதர் வந்ததனால் நோயாளிக்கு உண்டான நன்மை சொல்லி முடியாது. ஆனால் பள்ளிக்கூடத்துக்கு நேர்ந்ததை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. கூடத்தில் கதறல் நின்றது. கதறல் நின்றவுடன், அதைப் பற்றிய கவலையும் மெள்ள மெள்ளப் பாடத்திலிருந்து நழுவிற்று. வலி ஜயிக்கப்பட்ட சத்துரு என்ற எண்ணம் பரவியபோது, மயக்கம் கொடுப்பவர் ஒருவர் இருக்கிறார், அது அவர் பாடு என்று மற்றவர்கள் விட்டுவிட்டார்கள். கத்தி படாத வேதனை எத்தனையோ இருக்கிறதே, முதுகு நோவும் மூட்டு நோவும், புற்றுநோய்க்காரன் இரவு மூன்று மணிக்குப் படுகிற அவஸ்தையும் எந்த வகுப்பில் சொல்லித் தரப்படும் என்று கேட்டால், எந்த வகுப்பிலும் இல்லை என்பதே விடை. சரீர சாஸ்திர வகுப்பில் நரம்பு வேர் இருந்தது. மருந்து சாஸ்திர வகுப்பில் மார்பின் இருந்தது. இரண்டையும் சேர்த்து ஒரு மனிதனுடைய படுக்கையருகில் கொண்டுவந்து வைக்கும் வகுப்புத்தான் இல்லை.

அதற்குப் பதிலாக வலிக்கு ஒரு புதிய உத்தியோகம் கொடுத்தார்கள். அது அறிகுறி ஆயிற்று. நோய் இருக்கும் இடத்தைக் காட்டும் கைகாட்டி மரம் ஆயிற்று. வலி தொப்புளைச் சுற்றித் தொடங்கி வலது அடிவயிற்றுக்கு இறங்கினால் குடல்வால் வீக்கம். நெஞ்சில் அழுத்தி இடது கையில் ஓடினால் இருதயம். விலாவுக்குக் கீழிருந்து தொடையிடுக்குக்குப் பாய்ந்தால் சிறுநீரகக் கல். உள்ளே நடப்பதைப் படம்பிடித்துக் காட்டும் யந்திரங்கள் இல்லாத காலத்தில் இந்த வித்தை எத்தனையோ உயிர்களைக் காப்பாற்றியது. அதைக் குறைத்துச் சொல்வது நன்றி மறப்பாகும். ஆனால் கைகாட்டி மரத்தை யாராவது பிடுங்கிப் போடுவார்களா? 1921இல் வெளிவந்து தலைமுறை தலைமுறையாக மாணாக்கர் மனப்பாடம் செய்த ஸக்கரி கோப்பின் வயிற்று நோய் நூலும், அதைப் பின்பற்றிய ஆசிரியர்களும், நோய் இன்னதென்று தீர்மானமாவதற்கு முன்னால் மார்பின் கொடுத்தால் குறிகள் மறைந்துவிடும் என்று எச்சரித்தார்கள். எச்சரிக்கை நாளடைவில் ஆசாரமாகிவிட்டது. பெரிய டாக்டர் வந்து வயிற்றை அழுத்திப் பார்க்கும்வரை நோயாளி துடித்துக்கொண்டு கிடக்கவேண்டும் என்பது எழுதாத சட்டமாயிற்று. வலியை முன்கூட்டித் தணிப்பதால் நோயறிதல் கெடுவதில்லை என்று பிற்காலத்துப் பரிசோதனைகள் காட்டியபிறகும், அந்த ஆசாரம் பல வார்டுகளில் ஓய்வு பெறாமல் வேலை பார்த்துக்கொண்டிருந்தது.

இங்கே நான் கண்ட ஒரு காட்சியைச் சொல்லலாம் என்று நினைக்கிறேன். உறவினர் ஒருவரைப் பார்க்க ஓர் ஆஸ்பத்திரிக்குப் போய், அவர் கட்டிலருகில் உட்கார்ந்திருந்தேன். அடுத்த கட்டிலில் கிராமத்து மூதாட்டி ஒருத்தி. அவளைச் சுற்றி நாலைந்து மாணாக்கர், அவர்களில் ஒரு பையன் குனிந்து, “எங்க பாட்டி வலிக்குது?” என்று கேட்டான். “வலின்னு சொல்ல முடியாது தம்பி. பகல்ல காலு உளையுது. ராத்திரியானா எலும்புக்குள்ள போயிக் குடையுது. விடியக்காலத்துல கொஞ்சம் அசந்தா, சுரீர்னு ஒரு இழுப்பு இழுத்து எழுப்பிவிட்டுடுது” என்றாள் அவள். பையன் தலையை ஆட்டிக்கொண்டு, கையிலிருந்த தாளில் ‘பெயின்’ என்று எழுதி, பக்கத்தில் ஒரு கூட்டல் குறி போட்டான். சற்றுப் பொறுத்து வந்த ஆசிரியர் வலியைப் பற்றிக் கேட்கவேண்டியவை என்னென்ன என்று வினவ, இடம், தொடக்கம், தன்மை, பரவும் திசை என்று எட்டுக் கேள்விகளைத் தடங்கலின்றி ஒப்பித்தான். அந்த எட்டின் முதலெழுத்துக்களை இங்கிலீஷில் கோத்தால் சாக்ரட்டீஸ் என்று வருமாம், ஞாபகத்துக்குச் சௌகரியம். கேள்வி கேட்டே பெயரெடுத்த அந்த யவன ஞானி, விடையை இப்படி ஒரு கூட்டல் குறியில் அடைப்பதைச் சம்மதித்திருப்பாரா என்பது எனக்குச் சந்தேகம்.

மூதாட்டி சொன்னதில் மூன்று வெவ்வேறு வலிகள் இருந்தன. தமிழன் நோவுக்கு வைத்திருக்கும் பெயர்களைக் கணக்கெடுத்தால் அதுவே ஒரு சிறு நிகண்டாகும். நடந்து ஓய்ந்த காலுக்கு உளைச்சல், காதுக்கும் எலும்புக்கும் குடைச்சல், சீதபேதியில் வயிற்றுக்குக் கடுப்பு, கோடையில் நீர்க்கடுப்பு, விலாவில் குத்து, மண்டையில் இடி, இடுப்பில் பிடிப்பு, நரம்பில் இசிவு, நெஞ்சில் எரிச்சல், பழுத்த கட்டி விண்விண்ணென்று தெறிக்கும், தேள் கொட்டினால் கடுகடுக்கும். இவற்றில் ஒன்றின் இடத்தில் மற்றொன்றைப் பாட்டி மறந்தும் வைத்துப் பேசமாட்டாள். கனடா தேசத்து மனோதத்துவ ஆசிரியர் ரானல்ட் மெல்ஸாக், நோயாளிகள் வாயில் வரும் வலிச் சொற்களைத் திரட்டி, 78 சொற்களை 20 வகைகளாகப் பிரித்து, மக்கில் வினாத்தாள் என்று 1975இல் வெளியிட்டபோது, வைத்திய உலகம் அதைப் புதுமை என்று கொண்டாடிற்று. புதுமைதான், சந்தேகமில்லை. ஆனால் அதற்கு நிகரான சரக்கு நம் கிராமத்துத் திண்ணைகளில் ஏற்கெனவே இருந்தது. இங்கிலீஷில் எழுதிப் பழகிய கை அதை எடுத்துக்கொள்ளவில்லை.

ஒரே ஓரிடத்தில் அப்படி இல்லாமல் இருந்தது. சென்னையில் 1835இல் தொடங்கி 1850இல் கல்லூரியான வைத்தியப் பள்ளி இங்கிலீஷிலேயே பாடம் நடத்த, 1847இல் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் 1864 முதல் தமிழிலேயே வைத்தியம் கற்பிக்க முற்பட்டார். இரண வைத்தியம், மனுஷ அங்காதிபாதம் என்று மேல்நாட்டு நூல்களைத் தமிழாக்கி அச்சிட்டார். நோயாளி குடைச்சல் என்றால் குடைச்சல் என்றே எழுதிக்கொள்ளக்கூடிய டாக்டர்கள் அந்தப் பள்ளியிலிருந்து புறப்பட்டார்கள். அவர் 1873இல் தாய்நாடு திரும்பினார். அந்த முயற்சியும் அவருக்குப் பின் நெடுங்காலம் நிலைக்கவில்லை.

வலியைப் பற்றிய பாடம் மறுபடியும் உயிர்பெற்ற இடங்களில் ஒன்று நம் வேலூர் என்பதைத் தமிழ் வாசகர்களில் எத்தனை பேர் அறிவார்களோ தெரியாது. பால் பிராண்ட் என்பவர் மிஷனரித் தம்பதிகளின் மகனாக 1914இல் பிறந்து, சிறு பிராயத்தைக் கொல்லிமலையிற் கழித்து, பின்பு லண்டனில், லிஸ்டன் ஈதரைக் கொண்டு கால் எடுத்த அதே யூனிவர்சிட்டி காலேஜ் ஆஸ்பத்திரியில் வைத்தியம் பயின்றவர். அங்கே வலியையே ஆராய்ச்சிப் பொருளாகக் கொண்டு, 1942இல் அதே பெயரில் ஒரு நூலும் வெளியிட்ட ஸர் தாமஸ் லூயிஸ் ஆசிரியராக இருந்தார். பிராண்ட் 1946இல் வேலூர்க் கிறிஸ்தவ வைத்தியக் கல்லூரிக்கு வந்தார். மறு வருஷம் செங்கற்பட்டுத் தொழுநோய் ஆஸ்பத்திரியைப் பார்வையிடச் சென்றவர், விரல் மடங்கிக் கொக்கியாகிப்போன கையுடைய நோயாளி ஒருவரைத் தம் கையைப் பற்றி அழுத்தச் சொல்ல, அந்தக் கை இவருக்கு நோகும்படி இறுக்கிற்று. செத்த கை என்று எல்லாரும் தள்ளிய கையில் இவ்வளவு பலமா என்ற ஆச்சரியத்திலிருந்து, தசைநாரை இடம் மாற்றித் தைத்து விரலை நிமிர்த்தும் பிரசித்தி பெற்ற சிகிச்சை பிறந்தது.

ஆனால் நிமிர்த்திய விரல்கள் மீண்டும் புண்ணாயின; சில, குறைந்துகொண்டே வந்தன. தொழுநோய் சதையைத் தின்கிறது என்பதே அதுவரை எல்லாரும் நம்பிய நம்பிக்கை. ஒருநாள் துருப்பிடித்த பூட்டு ஒன்றில் சாவியைத் திருப்ப முடியாமல் பிராண்ட் திணறிக்கொண்டிருக்க, நோயாளிச் சிறுவன் ஒருவன் வந்து, ‘நான் திறக்கிறேன்’ என்று வாங்கி ஒரே முறுக்கில் திறந்துவிட்டான். அவ்வளவு பலம் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், தரையில் இரத்தச் சொட்டுகள். சாவியின் விளிம்பு விரலை எலும்பு தெரியும் அளவுக்குக் கிழித்திருந்தது; பையன் முகத்தில் ஒரு சுளிப்புக்கூட இல்லை. அவன் பலசாலியல்லன், நிறுத்து என்று சொல்லும் காவல்காரன் இல்லாதவன். விரல்களைத் தின்றது நோயல்ல, நோவின்மை என்பது இப்படித்தான் ஒவ்வொன்றாகத் தெளிவாயிற்று. சூடான பாத்திரம், செருப்பிலிருந்த ஆணி, உறங்கும்போது கடித்துச் சென்ற எலி, இவையே விரல் திருடர்கள். அதன்பின், குணமாகி வீடு திரும்பும் நோயாளிகளுக்குக் கூடவே ஒரு பூனையையும் கொடுத்தனுப்பும் வழக்கம் ஏற்பட்டது. உலகத்தில் வேறெந்த வைத்தியப் பள்ளியும் மருந்துச் சீட்டில் பூனை எழுதியிருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

அவர் வாழ்வில் நடந்த மற்றொரு சம்பவம் உண்டு. நீண்ட கப்பல் பிரயாணத்துக்கும் ரயில் பிரயாணத்துக்கும் பிறகு ஒரு நாளிரவு லண்டனில் காலுறையைக் கழற்றியவர், குதிகாலில் உணர்ச்சி இல்லாததைக் கண்டார். ஊசியால் குத்தினார், தெரியவில்லை. தமக்கும் தொழுநோய் வந்துவிட்டதென்று தீர்மானித்து, குடும்பத்தை விட்டுப் பிரிய வேண்டியதையெல்லாம் எண்ணியெண்ணி அந்த இரவைக் கழித்தார். பொழுது விடிந்ததும் அதே இடத்தில் ஊசியை மறுபடி குத்த, வீல் என்று கத்தும்படி வலித்தது! ரயிலில் அசையாமல் உட்கார்ந்து வந்ததில் ஒரு நரம்பு மரத்துப்போயிருந்தது, அவ்வளவே. அந்த வலிக்காக அவர் கடவுளுக்கு நன்றி சொன்னார். பின்னாளில் அமெரிக்காவில் கார்வில் என்னும் ஊரில், மரத்த கைகளுக்குக் கருவிகள் பொருத்திச் செயற்கையான வலி உண்டாக்கப் பல வருஷம் பாடுபட்டுத் தோற்றார். கருவி எச்சரித்தால், நோயாளிகள் அதை நிறுத்திவிட்டு வேலையைத் தொடர்ந்தார்கள். அணைக்கக்கூடிய வலியால் பயனில்லை என்று அவர் கண்டுகொண்டார்.

மறுபுறத்தில், அணைக்கவேண்டிய வலியை அணைக்கத் தெரியாத டாக்டர்களின் கதை வேறுவிதமாக நடந்துகொண்டிருந்தது. மல்யுத்தம் செய்து பணம் சேர்த்து வைத்தியம் படித்த ஜான் பொனிகா, இரண்டாவது உலக யுத்தத்தில் காயம்பட்ட அமெரிக்கச் சிப்பாய்களுக்கு மயக்க மருந்து கொடுக்கும் பொறுப்பேற்றபோது, ஆறிய புண்ணும் இல்லாத காலும் ஏன் வலிக்கின்றன என்று பாடநூல்களைத் தேடினார். விஷயம் அவற்றில் அபூர்வமாகவே இருந்தது. தாமே 1953இல் ஏறத்தாழ 1,500 பக்கத்தில் ஒரு நூல் எழுதினார். 1973இல் அவர் கூட்டிய மகாநாட்டிலிருந்து சர்வதேச வலி ஆராய்ச்சிச் சங்கம் தோன்ற, வைத்தியப் பள்ளிகளில் வலியை எவ்வாறு போதிப்பது என்பதற்கு ஒரு பாடத்திட்டத்தை அச்சங்கம் 1988இல் வகுத்தது. சிசிலி ஸாண்டர்ஸ் அம்மையார் நர்ஸாகத் தொடங்கி, நடுவயதை நெருங்கும்போது வைத்தியம் படித்து 1957இல் தேறியது, மரத்தூள் பெட்டியின் சொந்தக்கார ஆஸ்பத்திரியாகிய அதே புனித தோமாவில்தான். அடைபட்டு மறந்துபோயிருந்த அந்தக் கூரையறையை அதற்கு முந்தின வருஷந்தான் ஓர் ஆராய்ச்சியாளர் ஏணி வைத்தேறிக் கண்டுபிடித்திருந்தார். மரணத்தை எதிர்நோக்கும் நோயாளி கதறிய பிறகு மார்பின் கொடுப்பதல்ல, கதறாதபடி மணி தவறாமல் வாய்வழியே கொடுப்பதே முறை என்பதும், உடல் வலியோடு மனத்தின் வலியையும் குடும்பக் கவலையையும் சேர்த்தே கணக்கிடவேண்டும் என்பதும் அம்மையார் கற்பித்தவை.

இத்தனைக்கும் பிறகு, பிறந்த குழந்தைக்கு வலி தெரியாது என்று 1980களிலும் பல ஆஸ்பத்திரிகள் நம்பி, அசையாதிருக்கும் மருந்து மட்டும் கொடுத்துச் சத்திர சிகிச்சை செய்துவந்தன. இந்தியாவிற் பிறந்து ஆக்ஸ்போர்டில் ஆராய்ச்சி செய்த கன்வல்ஜீத் ஆனந்த் 1987இல் அது தவறென்று ரத்தப் பரிசோதனைகளால் நிலைநாட்டியபின்தான் வழக்கம் மாறத் தொடங்கிற்று. டார்வினை ஓடவைத்த அந்தக் குழந்தைக்கு நூற்று அறுபது வருஷம் கழித்துக் கிடைத்த தீர்ப்பு என்று இதைச் சொல்லலாம்.

நம் தேசத்தில் 1985ஆம் வருஷத்துப் போதை மருந்துச் சட்டம் திருடர்களைப் பிடிக்க விரித்த வலையில் நோயாளிகள் சிக்கிக்கொண்டார்கள். லைசென்ஸுக்கு அஞ்சிக் கடைகளும் ஆஸ்பத்திரிகளும் மார்பினைக் கைகழுவவே, வாய்வழி மார்பினை எழுதிக் கொடுத்துப் பழகாத டாக்டர்களின் தலைமுறை ஒன்று உருவாயிற்று. கோழிக்கோட்டில் 1993இல் ராஜகோபால் முதலியவர்கள் ஒரு சிறு சிகிச்சை நிலையம் திறந்து அந்த ஞானத்தை மீட்டார்கள். 2010இல் நோவு தணிக்கும் வைத்தியம் முதுகலைப் பட்டத்துக்குரிய பிரிவாயிற்று. 2014இல் சட்டமும் தளர்ந்தது. ஆயினும் மொத்தப் படிப்பில் வலிக்கு எவ்வளவு இடம் என்று கேட்டால், பணக்கார தேசங்களே தலை குனியவேண்டியிருக்கிறது. கனடாவின் சர்வகலாசாலைகளைப் பற்றி 2009இல் வெளிவந்த கணக்குப்படி, வலியைப் பற்றிய கட்டாயப் பாடம் வைத்திய மாணாக்கருக்குச் சராசரி 16 மணி நேரம். மிருக வைத்திய மாணாக்கருக்கு 87 மணி. வாயில்லா ஜீவனுடைய நோவைத் தானே தேடிக் கண்டுபிடிக்கவேண்டும் என்பதை மிருக வைத்தியர்கள் ஒப்புக்கொண்டுவிட்டார்கள். மனிதன் கேட்டால் சொல்லிவிடுவான் என்று மற்றவர்கள் நம்பிக்கொண்டிருக்கிறார்கள் போலும்.

ஆகையால், ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்க நேரிட்டு, கையில் தாளோடு ஓர் இளைஞன் வந்து எப்படி வலிக்கிறது என்று கேட்டால், அன்பர்களே, ‘பெயின்’ என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். குடைச்சலென்றால் குடைச்சல் என்றும், கடுப்பென்றால் கடுப்பு என்றும், அது உங்களை எத்தனை மணிக்கு எழுப்புகிறது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அவன் கூட்டல் குறி போட்டால், இன்னொரு தரம் சொல்லுங்கள்.